குறைந்த ஒளியில் நிறைந்த படம்

கல்லூரி விழாவாயினும் கருத்தரங்கமாயினும், தோளில் கேமராவைத் தொங்கவிட்ட மாணவர் இருவர் மூவரேனும் இன்று கண்ணில் படுகின்றனர். கைப்பேசியே படக்கருவியாகிவிட்ட காலத்தில் தனியே ஒரு கேமராவைச் சுமந்து திரிபவர் இக்கலையில் மெய்யான நாட்டம் உடையவர் என்றே கொள்ளலாம். அவர்களுள் பலர், கேமராவோடு கூட வந்த ஜூம் லென்ஸை ஓராண்டு பழகிய பின்னர், சேமித்த பணத்தில் முதலில் வாங்குவது ஐம்பது மில்லிமீட்டர், எஃப் 1.8 என்னும் சிறிய வில்லை. விலை குறைவு; எடை குறைவு; விளக்கொளியிலும் படமெடுக்கலாம் என்னும் புகழ் வேறு. வாங்கிய முதல் வாரம் பெருமகிழ்ச்சி. இரண்டாம் மாதத்தில் மனக்குறை. "ஐயா, பத்துப் படத்தில் ஆறு மங்கலாக விழுகிறது. லென்ஸில் ஏதோ கோளாறு" என்று சொல்லி வருவோரைப் பல்லாண்டுகளாகப் பார்த்து வருகிறேன். வில்லையில் கோளாறு இருப்பது அரிது. அதனைப் பயன்கொள்ளும் முறையில்தான் குறை இருக்கிறது.

தமிழ்த்துறை மலரில் வில்லையைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று சிலர் வினவலாம். துறை நிகழ்ச்சிகளைப் படமெடுக்கும் பொறுப்பு நெடுங்காலமாக என் தலையில் விழுந்திருப்பது ஒரு காரணம். ஓலைச் சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் படமாக்கிப் பாதுகாக்கும் பணியில் இறங்கும் ஆய்வு மாணவர்களுக்கு இவ்வறிவு தேவைப்படுகிறது என்பது மற்றொரு காரணம். மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. அதனை உரிய இடத்தில் கூறுவேன்.

பெயரும் பொருளும்

ஜூம் வகையில் குவியத் தூரத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். பிரைம் என்று வழங்கும் வகையில் குவியத் தூரம் ஒன்றே, அது மாறாது. ஒரே வேலையைச் செய்யப் பிறந்தது ஆதலால், அவ்வேலையை அது சிறப்பாகச் செய்கிறது. குறைந்த எண்ணிக்கையிலான கண்ணாடிகளைக் கொண்டே அகன்ற துளையை அமைத்துவிட முடிகிறது.

எஃப் 1.8 என்பது ஒரு வகுத்தல் கணக்கு. வில்லையின் குவியத் தூரத்தை அதன் ஒளித்துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். ஐம்பது மில்லிமீட்டரை 1.8ஆல் வகுத்துப் பார்த்தால் துளையின் விட்டம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் என்பது புலனாகும். எண் சிறுத்தால் துளை பெருக்கும். எண் பெருத்தால் துளை சிறுக்கும். தொடக்க நிலையில் உள்ளோரைத் தடுமாறச் செய்வது இத்தலைகீழ் உறவே. 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்னும் வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் உட்புகும் ஒளி பாதியாகக் குறைகிறது. கேமராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸ், ஐம்பது மில்லிமீட்டர் அளவில் பெரும்பாலும் எஃப் 5.6 வரையே திறக்கும். எஃப் 1.8 அதனைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை வாங்குகிறது. ஒளி மிகுந்தால் ஷட்டரை விரைவாக மூடலாம். அதனால்தான் இவ்வகையை 'ஃபாஸ்ட்' என்று படக்கலைஞர் அழைக்கின்றனர். விரைவு ஷட்டருக்கு உரியது, வில்லைக்கு உரியதன்று.

துளையின் அளவும் பிம்பத்தின் தெளிவும்

துளை அகன்றால் ஒளி மிகும் என்பது எவருக்கும் விளங்குவது. துளை அகன்றால் தெளிவு கெடும் என்பதை ஆராய்ந்து எழுதியவர், கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்து 1040 அளவில் கெய்ரோவில் மறைந்த அறிஞர் இப்னுல் ஹைதம். 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் பெருநூலால் அறியப்பட்ட அவர், சூரிய கிரகணத்தின் வடிவத்தைப் பற்றித் தனியே ஒரு சிறுநூலும் இயற்றினார். கிரகணத்தின்போது பிறையாய்க் குறைந்த சூரியனின் ஒளி ஒரு சிறு துளை வழியே இருண்ட அறையினுள் விழுந்தால், சுவரில் பிறை வடிவம் தோன்றும். துளையை அகலப்படுத்திக்கொண்டே போனால் பிறை மங்கி, முடிவில் துளையின் வடிவமே சுவரில் எஞ்சும். ஏன் இவ்வாறு நிகழ்கிறது என்பதைக் கணித வழியில் விளக்க முற்பட்டார் அவர். சிறு துளையில் தெளிவு உண்டு, ஒளி இல்லை. பெருந்துளையில் ஒளி உண்டு, தெளிவு இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் எஃப் 1.8 வில்லையை வாங்கிய நம் மாணவர் முட்டிக்கொள்வது இதே சுவரில்தான்.

பெருந்துளையிலும் தெளிவைப் பெறுவதற்கு வந்ததே வில்லை. ஆயினும், அது குறிப்பிட்ட ஒரு தொலைவில் உள்ள பொருளுக்கு மட்டுமே அத்தெளிவை அளிக்கிறது. இன்று விற்கும் ஐம்பது மில்லிமீட்டர் வில்லைகளுள் பலவற்றின் மூல வடிவம், ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் 1896இல் அமைத்த 'பிளானார்' ஆகும். துளையின் இருபுறமும் ஏறத்தாழச் சமச்சீராகக் கண்ணாடிகளை அடுக்குவது அதன் அமைப்பு. அமைப்பு சிறந்ததாயினும் அக்காலத்தில் அது பெரிதும் பரவவில்லை. காற்றும் கண்ணாடியும் கூடும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவு திரும்பிவிடுகிறது. அவ்வில்லையில் அத்தகைய பரப்புகள் எட்டு. கால் பங்குக்கும் மேலான ஒளி வழி தவறி, அதில் ஒரு பகுதி உள்ளேயே எதிரொளித்துப் படத்தை வெளிறச் செய்தது. 1935இல் அதே நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகூலா கண்ணாடியின் மேல் மெல்லிய பூச்சு இடும் முறையைக் கண்ட பின்னரே இவ்வமைப்பு வழக்கில் ஓங்கியது. நம் வில்லையின் முகப்பில் ஊதாவும் பச்சையுமாக மின்னுவது அப்பூச்சின் வழிவந்ததே.

அகன்ற துளை என்ன செய்ய வல்லது என்பதை முதலில் உலகுக்குக் காட்டியவர்களுள் ஒருவர் எரிக் ஸாலமன். 1924இல் ஜெர்மனியில் வெளிவந்த எர்மனாக்ஸ் என்னும் கேமராவில் எஃப் 2 அளவுள்ள எர்னோஸ்டார் வில்லை பொருத்தப்பட்டிருந்தது. அக்காலத்தில் உள்ளரங்கில் படமெடுக்க மக்னீசியப் பொடியைக் கொளுத்தி ஒளி உண்டாக்குவர். புகையும் வெடிப்பும் அவையையே கலைத்துவிடும். ஸாலமன் அது எதுவுமின்றி, நீதிமன்றத்திலும் பன்னாட்டு மாநாடுகளிலும், பெருந்தலைவர்கள் தம்மை மறந்து பேசிக்கொண்டிருக்கும் தருணங்களை அறையின் விளக்கொளியிலேயே பதிவு செய்தார். யூதரான அவர் 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்.

இவ்வரிசையில் இன்னுமொரு செய்தியையும் சொல்லாமல் விட மனமில்லை. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் பொருட்டு ஸைஸ் நிறுவனம் 1966இல் எஃப் 0.7 அளவுள்ள ஐம்பது மில்லிமீட்டர் வில்லைகளைச் செய்தது. மொத்தம் பத்தே பத்து. அவற்றுள் மூன்றைத் திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் வாங்கி, 1975இல் வெளிவந்த 'பாரி லின்டன்' படத்தின் சில காட்சிகளை மெழுகுவத்தி ஒளியில் மட்டுமே எடுத்தார். காட்சிகள் ஓவியங்களாய் அமைந்தன. ஆனால், நடிகர்கள் இருந்த இடத்தைவிட்டு முன்னும் பின்னும் அசைய இயலவில்லை. சற்றே முன்குனிந்தாலும் முகம் மங்கிவிடும். உலகின் தேர்ந்த கலைஞர்களுக்கே அந்நிலை.

ஒளிக்குக் கொடுக்கும் விலை

இனி நம் எஃப் 1.8க்கு வருவோம். முழுச்சட்டகக் கேமராவில் இவ்வில்லையைப் பொருத்தி, ஒரு மீட்டர் தொலைவில் அமர்ந்திருப்பவரின் கண்ணில் குவியம் வைத்தால், தெளிவாக விழும் பகுதியின் ஆழம் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர். அதாவது கண்ணுக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு. மாணவர் கையில் மிகுதியும் காணப்படும் சிறுசட்டகக் கேமராவில் மூன்று சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. எஃப் 5.6இல் இதே ஆழம் பதின்மூன்று சென்டிமீட்டர் அளவாகப் பெருகும். ஜூம் லென்ஸில் ஓராண்டு பழகியவர் பதின்மூன்று சென்டிமீட்டர் விரிப்பில் நடந்து பழகியவர். இப்போது அவர் நான்கு சென்டிமீட்டர் வரப்பில் நடக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவுதான் செய்தி.

இதனை நான் கற்ற விதத்தைக் கூறுகிறேன். எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஓய்வுபெற்றுத் தம் ஊரில் இருந்தார். இவ்வில்லையை நான் வாங்கிய புதிதில் ஒரு மாலை அவரைக் காணச் சென்றேன். கூடத்தில் ஒற்றை விளக்கு. அதன் கீழ் அமர்ந்து ஒரு பழைய பதிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். ஃபிளாஷ் பொருத்தி அவ்வமைதியைக் கெடுக்க விரும்பாமல், எஃப் 1.8இல் வைத்துப் பதின்மூன்று படங்கள் எடுத்தேன். கேமராவின் பின்புறச் சிறுதிரையில் எல்லாம் அழகாகவே தோன்றின. வீட்டில் கணினியில் விரித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. மூக்குக் கண்ணாடியின் காது நோக்கிச் செல்லும் காம்பு, அதன் சிறு ஆணி வரை, துல்லியமாக இருந்தது. கண்கள் மங்கியிருந்தன. பதின்மூன்றிலும் அப்படியே. அடுத்த முறை சரியாக எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அடுத்த முறை வாய்க்கவில்லை. அவர் மறைந்த பின்னர் மாணவர்கள் கூடி நினைவு மலர் வெளியிட்டபோது, அண்மைக்காலப் படம் என்னிடம் மட்டுமே இருந்தது. முழுப்பக்கத்தில் இடவேண்டிய படத்தைத் தபால்தலையைவிடச் சற்றே பெரிய அளவில் அச்சிட்டோம். அந்த அளவில் மங்கல் தெரியாது. நான் முன்னர்ச் சொன்ன மூன்றாவது காரணம் இது.

கோளாறு எங்கே நிகழ்ந்தது? கேமராவை உயரவாக்கில் பிடித்து, நடுவில் உள்ள குவியப் புள்ளியை அவர் கண்ணில் வைத்துக் குவித்துக்கொண்டு, பின்னர்க் கையிலுள்ள நூலும் படத்தில் அடங்குமாறு கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தேன். படச்சுருள் காலம் முதல் பலரும் கைக்கொண்ட வழக்கம்தான். ஆனால் கேமரா சாயும்போது தெளிவுத் தளமும் கூடவே சாய்கிறது. ஒரு மீட்டர் தொலைவில் பதினைந்து பாகை சாய்த்தால், தெளிவுத் தளம் கண்ணுக்கு மூன்றரை சென்டிமீட்டர் அளவு பின்னே போய் நிற்கும். நமக்குள்ள இடம் இரண்டே சென்டிமீட்டர். எஃப் 5.6இல் இப்பிழை மறைந்தே போயிருக்கும்; எஃப் 1.8 அதனை மன்னிக்கவில்லை.

ஆதலால் செய்ய வேண்டியவை சில. முதலாவது, படத்தின் அமைப்பை முதலில் முடிவு செய்துகொண்டு, அவ்வமைப்பில் கண் எங்கே விழுகிறதோ அங்கே குவியப் புள்ளியை நகர்த்திக் குவித்தல் வேண்டும். அண்மைக்காலத்து மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் கண்ணைத் தானே கண்டறிந்து தொடரும் வசதி உள்ளது. அது இருப்பின் தயங்காமல் பயன்படுத்துக. ஆள் ஒருக்களித்து அமர்ந்திருந்தால், கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணில் குவியம் விழ வேண்டும். தொலைவிலுள்ள கண் தெளிந்து அருகிலுள்ள கண் மங்கினால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலேயே படம் உறுத்தும்.

இரண்டாவது, உடல் அசைவு. குவித்த பின் நாம் மூச்சு விடுகிறோம். எதிரில் இருப்பவர் சிரிக்கிறார். இருவரும் ஒவ்வொரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே கணக்கு முடிந்தது. முழங்கைகளை மார்போடு அணைத்து, இயன்றால் சுவரிலோ தூணிலோ சாய்ந்து நின்று, குவித்த உடனே எடுத்துவிடுதல் நன்று. தொடர்ச்சியாகக் குவியம் மாற்றும் முறையில் வைத்து மூன்று படங்களை அடுத்தடுத்து எடுத்தால் ஒன்றாவது தேறும். மூன்றாவது, பின்புறத் திரையை நம்பாமை. எடுத்த உடனே கண் பகுதியை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்காமல் அவ்விடத்தைவிட்டு நகரலாகாது. எஸ்.எல்.ஆர். கேமராவின் கண்நோக்கியும் எஃப் 1.8இன் மெல்லிய ஆழத்தை உள்ளபடி காட்டுவதில்லை என்பதையும் நினைவில் வைக்க.

இத்தனையும் செய்தும் குவியம் ஒரே பக்கமாகத் தவறுகிறது என்றால், அப்போது வில்லையை ஐயுறலாம். மேசைமீது ஓர் அளவுகோலைச் சாய்வாகக் கிடத்தி, முக்காலியில் கேமராவை நிறுத்தி, நடுக்கோட்டில் குவித்துப் பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். எப்போதும் முன்னேயோ எப்போதும் பின்னேயோ விழுந்தால் அது பொருத்தத்தின் பிழை. சில எஸ்.எல்.ஆர். கேமராக்களிலேயே அதைத் திருத்திக்கொள்ளும் வசதி உண்டு. முன்னும் பின்னுமாகச் சிதறினால் பிழை பெரும்பாலும் நம் கையில்.

எவ்வளவு திறப்பது?

பணம் கொடுத்து எஃப் 1.8 வாங்கிவிட்டு அதனைச் சுருக்கிப் பயன்படுத்துவதா என்று மாணவர் கேட்பதுண்டு. அகலமான வாயிற்கதவு உள்ள வீட்டில் எந்நேரமும் இரு கதவையும் திறந்தா வைக்கிறோம்?

துளை முழுதும் திறந்திருக்கையில் கண்ணாடியின் விளிம்புப் பகுதி வழியாகவும் கதிர்கள் நுழைகின்றன. விளிம்பில் நுழைந்தவையும் நடுவில் நுழைந்தவையும் ஒரே புள்ளியில் கூடுவதில்லை. இதனைக் கோளப் பிறழ்ச்சி என்பர். படத்தின் மேல் ஒரு மெல்லிய பனித்திரை போட்டாற்போன்ற தோற்றம் இதனால் விளைவது. மூலைகள் இருண்டு காணப்படுவதும் முழுத் திறப்பின் இயல்பே. நிறப்பிறழ்ச்சியைக் காண விரும்புவோர் அச்சிட்ட தாள் ஒன்றைச் சாய்வாக வைத்து எஃப் 1.8இல் எடுத்துப் பார்க்கலாம். குவித்த வரிக்கு முன்னுள்ள எழுத்துகளின் விளிம்பில் செவ்வூதாவும், பின்னுள்ளவற்றில் பச்சையும் படர்ந்திருக்கும். வகர மெய்யின் புள்ளிகூட நிறம் பூசி நிற்கும்.

எஃப் 2.8க்குச் சுருக்கியதும் இக்குறைகளில் பெரும்பகுதி விலகிவிடுகிறது. ஆழமும் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கிறது. தனிமனிதர் படத்துக்கு என் பரிந்துரை இதுவே. எஃப் 1.8 வரை திறக்கும் வில்லை எஃப் 2.8இல் தரும் தெளிவை, எஃப் 2.8 வரையே திறக்கும் விலை குறைந்த வில்லை தன் முழுத் திறப்பில் தருவது அரிது. திறக்கக்கூடிய வில்லையை வாங்கிச் சுருக்கிப் பயன்படுத்துவதன் பயன் இங்கேதான் இருக்கிறது. எஃப் 5.6 முதல் 8 வரை இவ்வில்லையின் முழுத்திறனும் மூலை வரை வெளிப்படும். அதற்கு மேல் எஃப் 16 என்று சுருக்கிக்கொண்டே போனால், சிறுதுளையின் ஓரத்தில் ஒளியலைகள் விரிந்து பரவும் விளிம்பு விளைவினால் தெளிவு மீண்டும் குறையத் தொடங்கும். கண்ணாடிகளைக் கூட்டி அமைத்த, விலையும் எடையும் மிக்க புதிய வகைகள் சில முழுத் திறப்பிலேயே மூலை வரை தெளிவு தருகின்றன. ஆனால் அவையும் ஆழக் கணக்கிலிருந்து தப்புவதில்லை. ஆழம் கண்ணாடியின் தரத்தைப் பொறுத்ததன்று.

பின்புலம் கரைந்து ஒளிவட்டங்களாய் மிதக்கும் அழகைப் 'பொக்கே' என்னும் ஜப்பானியச் சொல்லால் குறிப்பிடுவர். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் மாணவர் சிலருக்கு அது ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. கருத்தரங்கொன்றின் தொடக்க விழாவை ஒருவர் முழுவதும் எஃப் 1.8இலேயே எடுத்துத் தந்தார். சிறப்பு விருந்தினரின் முகம் ஒளிர்ந்தது. அவருக்குப் பின்னே தொங்கிய பதாகையில் கருத்தரங்கின் தலைப்போ, நாளோ, கல்லூரியின் பெயரோ ஓரெழுத்தும் படிக்க முடியவில்லை. ஆண்டறிக்கையில் எதைச் சேர்ப்பது? எது மங்கலாம், எது மங்கலாகாது என்பதை எடுப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

விழாக் கூடத்தில்

குறைந்த ஒளியில் மூன்றை ஒருசேரக் கருத வேண்டும்: துளை, ஷட்டர், ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்திறன். எஃப் 5.6இல் ஷட்டர் 1/125 நொடியாக வைத்து ஐ.எஸ்.ஓ. 6400 தேவைப்படும் கூடத்தில், எஃப் 2இல் ஐ.எஸ்.ஓ. 800 போதும். துகள் துகளாய்ச் சிதறும் படத்துக்கும் வழவழப்பான படத்துக்கும் உள்ள வேறுபாடு இது. இந்த ஊதியத்தைச் சிலர் ஷட்டரில் கஞ்சத்தனம் செய்து இழந்துவிடுகின்றனர். கை நடுக்கத்துக்கு 1/50 நொடி போதும் என்பது பழைய விதி, சிறுசட்டகத்தில் 1/80. ஆனால் பேசுபவரின் கை அசைகிறதே! மேடைப் பேச்சுக்கு 1/125க்குக் குறையாமலும், பரிசளிப்புக்கு 1/200 அளவிலும் வைத்து, தேவையானால் ஐ.எஸ்.ஓ.வை உயர்த்திக்கொள்க. துகள் விழுந்த படத்தை மலரில் அச்சிடலாம். அசைந்து போன படத்தை அச்சிட இயலாது.

குழல்விளக்குக் கூடத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு ஐம்பது சுற்று உடையது. பழைய சோக்கு வைத்த குழல்விளக்கு நொடிக்கு நூறு முறை ஒளி கூடிக் குறைகிறது. மலிவான எல்.இ.டி. விளக்குகள் சிலவும் அப்படியே. ஷட்டரை 1/500 என்று வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும், சிலவற்றில் பட்டை பட்டையாகவும் விழும். 1/100 நொடியில் ஒரு முழுத் துடிப்பு அடங்கிவிடுவதால் ஒளி சீராக இருக்கும். அசைவு குறைந்த காட்சிகளை அவ்வேகத்தில் எடுத்துவிடுவது நலம்.

குழுப் படத்தில் தவறு நேர்வது மிக எளிது. நான்கு மீட்டர் தொலைவில் எஃப் 1.8இன் ஆழம் எழுபது சென்டிமீட்டருக்கும் குறைவு. நாற்காலியில் அமர்ந்துள்ள முன்வரிசையில் குவித்தால், அவர்களுக்குப் பின்னே முப்பத்தேழு சென்டிமீட்டர் வரைதான் தெளிவு. நின்றுகொண்டிருக்கும் பின்வரிசை மாணவர்கள் மங்கிவிடுவர். முன்வரிசையில் ஆசிரியர்களும் பின்வரிசையில் மாணவர்களும் இருப்பது நம் வழக்கமாதலால், மங்குபவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எஃப் 5.6க்குச் சுருக்கினால் ஆழம் இரண்டு மீட்டரைக் கடக்கும். ஒளி போதாவிடில் அனைவரையும் வாசல் முற்றத்துக்கு அழைத்து வருவதே சரியான வழி.

முற்றத்தில் நண்பகல் வெயில் என்றால் சிக்கல் மறுபக்கமாகத் திரும்புகிறது. ஐ.எஸ்.ஓ. 100இல் எஃப் 16க்கு 1/100 நொடி பொருந்தும் வெயிலில், எஃப் 1.8க்கு 1/8000 நொடி வேண்டும். பல கேமராக்கள் 1/4000 நொடியோடு நின்றுவிடும். அங்கே எஃப் 2.8க்குச் சுருக்க வேண்டும். இல்லையேல் ஒளியைக் குறைக்கும் சாம்பல்நிற வடிகட்டியை முகப்பில் திருக வேண்டும். மர நிழல் இருந்தால் இரண்டும் வேண்டாம்.

குவியத் தூரம் மாறாத வில்லையோடு நாம்தான் நடக்க வேண்டும். ஆயினும் முகத்தை நிரப்ப வேண்டும் என்று அரை மீட்டர் வரை நெருங்கிவிடலாகாது. அவ்வளவு அருகில் மூக்குப் பெருத்தும் காதுகள் சிறுத்தும் தோன்றும். ஆழமும் ஒரு சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். ஒன்றரை மீட்டர் அளவில் நின்று மார்பளவு எடுப்பதே முகத்துக்கு இயல்பு.

சுவடியும் பழைய நூலும்

சுவடியைப் படமெடுக்கையில் மேற்கூறியவை பலவும் தலைகீழாகின்றன. ஓலை அசைவதில்லை, ஆதலால் விரைவு தேவையில்லை. ஓரெழுத்தும் மங்கலாகாது, ஆதலால் துளையைத் திறக்கவும் வேண்டியதில்லை. எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, உறுதியான முக்காலி அல்லது நகலெடுக்கும் தாங்கி, இரண்டு நொடி தாமதித்து இயங்கும் டைமர் ஆகியவை போதும். ஷட்டர் ஒரு நொடி திறந்திருந்தாலும் கேடில்லை. ஒரே நெடுக்கத்தில் வில்லை எவ்வளவு நேர்மையாக வரைகிறது என்பது இங்கே விளங்கும். சாதாரண ஜூம் லென்ஸின் அகலப் பக்கத்தில் எடுத்தால் நேரான ஓலை விளிம்பு வில்போல் வளையும். ஐம்பது மில்லிமீட்டரில் அது ஏறத்தாழ நேராகவே நிற்கும்.

கேமரா ஓலைக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதே இதில் முதன்மையானது. சற்றுச் சாய்ந்தாலும் ஒரு முனை தெளிந்து மறுமுனை மங்கும். இதற்கு எளிய உபாயம் ஒன்று உண்டு. ஓலை வைக்கும் இடத்தில் ஒரு சிறு தட்டையான முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்து, அதில் தெரியும் வில்லையின் பிம்பம் சட்டகத்தின் நட்டநடுவில் விழும்வரை கேமராவைத் திருத்துக. பின்னர்க் கண்ணாடியை எடுத்துவிட்டு ஓலையை வைக்கலாம். கீறி எழுதிய எழுத்துக்கு விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்தால் கீறல்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். அச்சு நூலாயின் இருபுறமும் சம அளவில் விளக்கு வேண்டும். மடிப்பருகே வளைந்திருக்கும் பக்கத்தைக் கண்ணாடித் தகட்டால் அழுத்தித் தட்டையாக்குவதைப் பொடிந்துபோகும் நிலையிலுள்ள தாளில் செய்யலாகாது. எஃப் 8இன் ஆழமே அவ்வளைவை ஓரளவு ஏற்றுக்கொள்ளும். அருகில் ஓர் அளவுகோலை வைத்தே எடுக்க. பிற்காலத்தில் ஆய்பவருக்கு ஓலையின் உண்மை நீளம் தெரிய வேண்டும்.

வில்லையின் முகப்பைப் பற்றி ஒரு சொல். கூடத்தின் உச்சி விளக்கும் மேடை விளக்கும் பக்கவாட்டில் அடித்து, பூச்சையும் மீறிப் படத்தை வெளிறச் செய்யும். அதற்கு ஹுட் என்னும் மறைப்பு வளையத்தை எப்போதும் பொருத்தியிருப்பது நலம். பாதுகாப்புக்கு என்று மலிவான வடிகட்டிக் கண்ணாடியை முகப்பில் திருகி வைப்போர், மேடை விளக்கின் தலைகீழ்ப் பேய்ப்பிம்பங்கள் படத்தில் விழுவதைக் கண்டு வியக்கின்றனர். இரவு நிகழ்ச்சிகளில் அதனைக் கழற்றிவிட்டே எடுக்க வேண்டும். விரல்ரேகை பட்டுவிட்டால் சட்டை நுனியால் துடைக்காமல், முதலில் தூசியை ஊதி அகற்றிய பின்னர், சுத்தமான மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிநோக்கி வட்டமாகத் துடைத்தல் வேண்டும்.